மிட்ஜெற்றில் நிசான் ஏ12: அல்ரனேற்றர் மாற்றியும் சார்ஜ் ஏறவில்லை

கனகராயன் (மாங்குளம்)

வணக்கம் உறவுகளே.

என்னிடம் 1963 எம்ஜி மிட்ஜெற் ஒன்று நிற்கிறது. கொம்பனியால் வரும்போது 1098 சிசி எஞ்சின். இப்போது உள்ளே இருப்பது நிசான் ஏ12, 1171 சிசி, அதன் கியர்பொக்ஸோடு சேர்த்து. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்திலேயே மாறிவிட்டது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஒட்டுசுட்டான் பக்கம் கூரையைக் கழட்டிவிட்டுப் போனால் மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

கரைச்சல் அல்ரனேற்றரில், எஞ்சினோடு சுற்றிப் பற்றறிக்குச் சார்ஜ் கொடுக்கிற சாமானில். முந்தி இருந்தது 35 அம்பியர், வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் வெளியே தனிப் பெட்டியாக. பெயரிங் கத்திக் கத்திக் கடைசியில் டயோட்டும் போய்விட்டது. கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்ததில், நிசான் வனெற் வானின் ஏ15 எஞ்சினில் கழட்டிய 50 அம்பியர் ஒன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ரெகுலேற்றர் உள்ளேயே இருக்கிறது. பூட்டிப் பார்த்தால் இப்படி:

கீழ்ப் போல்ற்றில் அல்ரனேற்றரின் பின் காதுக்கும் பிராக்கற்றுக்கும் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. கப்பி மற்றக் கப்பிகளை விட முன்னுக்கு நிற்கிறது. லைற் போட்டதும் பெல்ற் விசிலடிக்கிறது. பற்றறியில் அளந்தால், எஞ்சின் ஓடும்போது 12.9 வோல்ற். ஹெட்லைற் மஞ்சளாக எரிகிறது, ரேடியேற்றர் ஃபான் சுற்றத் தொடங்கினால் இன்னும் மங்குகிறது.

இதற்குச் சம்பந்தமோ தெரியாது, இரவில் லைற்றும் ஃபானும் போட்டு ஓடினால் டாஷ்போட்டில் உள்ள சோக் பிடி கையில் சுடுகிறது. எஞ்சின் வெக்கையாக இருக்கலாம்.

வந்த அல்ரனேற்றரும் பழுதா? திருப்பி அனுப்பவா?

ஓமந்தைக்காரன்

அனுப்ப அவசரப்பட வேண்டாம். 1963 மிட்ஜெற் அசலில் பொசிற்றிவ் எர்த் வண்டி, பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடிக்குப் போகும். இப்போது பொடிக்குப் போவது பற்றறியின் எந்த முனை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கனகராயன்

நெகற்றிவ்தான் பொடிக்குப் போகிறது. பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன்.

ஓமந்தைக்காரன்

அப்ப சரி. மாறிக் கொழுவியிருந்தால் டயோட் அந்த இடத்திலேயே எரிந்திருக்கும், இந்தக் கதையே வந்திராது.

ரேஸ்கார் ரசிகன் (கிளிநொச்சி)

50 அம்பியர் எல்லாம் இந்தக் காலத்துக்குக் காணாது அண்ணை. ஹையேஸ் அல்ரனேற்றர் 90 அம்பியர் ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய கொரோலாவுக்குப் போட்டார், லைற் பகல் மாதிரி.

வந்தது பழுதா என்று பார்க்க இலகுவான வழியும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பற்றறி வயரைக் கழட்டுங்கள். எஞ்சின் நின்றால் அல்ரனேற்றர் பழுது.

பழைய டைனமோ (பரந்தன்)

கனகராயன் தம்பி, கடைசியில் சொன்ன அந்த வேலையை மட்டும் செய்துவிடாதேயும். அது அல்ரனேற்றருக்கு முந்திய டைனமோக் காலத்துப் பழக்கம். அல்ரனேற்றர் ஓடும்போது பற்றறியைக் கழட்டினால் வோல்ற்றேஜ் ஒரு கணத்தில் எகிறும், ரெகுலேற்றரும் டயோட்டும் சேர்ந்து போகும். நல்ல அல்ரனேற்றரைப் பழுதாக்கிவிட்டு, பழுது என்று கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டி வரும்.

90 அம்பியர் கதைக்கும் வருகிறேன். கணக்கைப் பாரும். ஹலஜன் ஹெட்லைற் இரண்டும் சேர்ந்து 10 அம்பியருக்குள். ஃபான் அண்ணளவாக 10. இக்னிஷன் 4. பெற்றோல் பம்ப், வைப்பர், பின் லைற்றுகள் எல்லாம் கூட்டினாலும் மொத்தம் 30ஐச் சுற்றித்தான் நிற்கும். இந்த வண்டியில் முதலில் இருந்த லூக்காஸ் சி40 டைனமோ கொடுத்ததே 22 அம்பியர். பிறகு வந்த மிட்ஜெற்றுகளில் கொம்பனி போட்ட லூக்காஸ் 16ஏசிஆர் அல்ரனேற்றர் 34 அம்பியர். 50 தாராளம்.

90 போட்டால் பெல்ற்றுக்கும் சோதனை. அல்ரனேற்றர் தான் வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேலேதான் மின்சாரமாகத் தரும், மிச்சம் வெக்கையாகப் போய்விடும். 90 அம்பியரை முழுதாக இழுத்தால் எஞ்சினிலிருந்து 3 குதிரைவலு போகும். அதை ஒற்றை ஒடுங்கிய வி பெல்ற் இழுக்க வேண்டும். கப்பியைத் தொடும் வளைவும் சின்னது. இப்போதே விசிலடிக்கிற பெல்ற் அப்போது பாட்டுக் கச்சேரியே வைக்கும்.

இந்தப் பக்கத்தில் எஞ்சின் மாற்றிய வண்டிகள் ஏன் இவ்வளவு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். கையில் கிடைத்த எஞ்சினைக் கிடைத்த பொடிக்குள் இறக்குவதுதான் அன்றைக்கு மெக்கானிக் வேலை. அதில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் எஞ்சினை இறக்கி ஓட வைத்தவுடன் வேலை முடிந்தது என்று விடுவார்கள். எர்த், கிளிப், பிராக்கற் எல்லாம் பிறகு பார்ப்போம் என்று கிடக்கும், அந்தப் பிறகு வரவே வராது.

தம்பி, அந்தச் சோக் பிடி சுடுகிறது என்றீரே, அதைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். கைப்பிடி எஞ்சின் வெக்கையில் சுடாது, நடுவில் சுவர் இருக்கிறது. வயரிங்காரர் யாராவது இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வவுனியா வயரிங்

ஐயா சொன்னதுதான். நான் அளக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரே மல்ரிமீற்றர் போதும், டீசி 20 வோல்ற்றில் வையுங்கள்.

எஞ்சினை 2000 சுற்றுக்குக் கிட்ட வைத்து ஹெட்லைற், ஃபான் இரண்டையும் போடுங்கள். லோட் இல்லாமல் அளந்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் நல்லபிள்ளையாகத்தான் காட்டும்.

முதலில் அல்ரனேற்றரில் கரண்ட் வெளியே வரும் பி போல்ற்றில் சிவப்புக் கம்பி, அல்ரனேற்றரின் உடம்பில் கறுப்புக் கம்பி. இது அல்ரனேற்றர் தானாக எவ்வளவு தருகிறது என்று சொல்லும். அடுத்தது பி போல்ற்றிலிருந்து பற்றறி பொசிற்றிவ்வுக்கு. பிறகு அல்ரனேற்றர் உடம்பிலிருந்து பற்றறி நெகற்றிவ்வுக்கு. கடைசி இரண்டும் வழியில் தொலைகிற வோல்ற்றேஜ். பொசிற்றிவ் பக்கம் 0.3க்குள்ளும் எர்த் பக்கம் 0.2க்குள்ளும் இருக்க வேண்டும். பற்றறியின் ஈயத் தலையிலேயே கம்பியை வையுங்கள், கிளிப்பில் வைக்க வேண்டாம். கிளிப்புக்கும் தலைக்கும் நடுவிலேயே வோல்ற்றேஜ் தொலைவதைக் கண்டிருக்கிறேன்.

அளந்து போடுங்கள், பிறகு கதைப்போம்.

கனகராயன்

அளந்தேன்.

அல்ரனேற்றரில்: 14.3
பி போல்ற்றிலிருந்து பற்றறி பொசிற்றிவ்: 0.3
அல்ரனேற்றர் உடம்பிலிருந்து பற்றறி நெகற்றிவ்: 1.1
பற்றறியில்: 12.9

வவுனியா வயரிங்

அல்ரனேற்றர் நல்லது, எங்கும் அனுப்ப வேண்டாம். 14.3 தருகிறது. அதில் 1.1 எர்த்திலேயே தொலைகிறது.

உங்கள் எஞ்சின் ரப்பர் மவுண்டில் இருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் அசல் வண்டிகளில் எஞ்சினுக்கோ கியர்பொக்ஸுக்கோ பொடியோடு தடித்த பின்னல் எர்த் பட்டி ஒன்று போட்டு விடுவார்கள். எஞ்சின் மாற்றும்போது அது கழன்றிருக்கும், புது எஞ்சினில் அதைக் கொழுவ இடம் இருந்திராது. லைற்றுக்கும் ஃபானுக்கும் போகிற கரண்ட் பொடிக்கு வந்து, அங்கிருந்து அல்ரனேற்றருக்குத் திரும்ப வேண்டும். நேர்வழி இல்லாவிட்டால் கிடைத்த இரும்பில் ஏறும். சோக் கேபிளின் உறை ஒரு முனையில் டாஷ்போட்டில், மறு முனையில் கார்பரேற்றரில். எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் அருமையான பாலம். அக்சிலேற்றர் கேபிளும் அப்படித்தான். உங்களுக்குச் சுட்டது எஞ்சின் வெக்கை அல்ல, அல்ரனேற்றரின் கரண்ட்.

இனிமேல் இரவில் ஓட வேண்டாம். கேபிள் உறை சூடேறி உள்ளே இறுகினால் அக்சிலேற்றர் திறந்தபடி நிற்கும்.

ஓமந்தைக்காரன்

சில வேளைகளில் ஸ்ராட்டர் சோம்பலாகச் சுற்றுமே? அதுவும் இதுதான்.

கனகராயன்

ஓம் அண்ணை, சுற்றும். பற்றறி பழசு என்று விட்டிருந்தேன்.

வண்டியைத் தூக்கிக் கீழே போய்ப் பார்த்தேன். எர்த் என்று ஒன்று இருக்கிறது, கியர்பொக்ஸ் போல்ற் ஒன்றிலிருந்து தரைத் தகட்டுக்கு ஒரு மெல்லிய பச்சை வயர். லைற்றுக்குப் போடும் தடிப்புத்தான். தகட்டுப் பக்கம் பெயின்ற்றைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே வாசரும் நட்டும் போட்டு இறுக்கியிருக்கிறது. நட்டைச் சுற்றிச் செம்மண் புழுதியும் ஒயிலும் சேர்ந்து களிமண் மாதிரி. கழட்டியதும் வயர்க் கண்ணுக்குள் செம்பு நூல்கள் பச்சை பிடித்து, பாதி கையோடு உதிர்ந்து வந்தன. எஞ்சின் மாற்றியவர் யாரோ, அவருக்குப் பிறகு இந்த இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எந்த வயர் போடலாம்? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/1.04 நல்ல நீளத்துக்குக் கிடக்கிறது.

வவுனியா வயரிங்

7/1.04 என்பது 6 சதுர மில்லிமீற்றர். அளவு குறைவு, அதைவிட அதன் நூல்கள் தடிப்பு, ஏழே ஏழு. அது சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்த வயர். எஞ்சின் ஆடுகிற இடத்தில் கண்ணுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றாக முறியும், உறை நன்றாக இருப்பதால் வெளியே தெரியாது. கிரவல் றோட்டில் ஓடுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

எர்த்துக்குப் பின்னல் பட்டியோ 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத பற்றறிக் கேபிளோ போடுங்கள். வெல்டிங் கேபிளும் நல்லது, மயிர் போன்ற நூல்கள். ஸ்ராட்டர் கரண்டும் இதே வழியால்தான் திரும்ப வேண்டும், நினைவிருக்கட்டும். ஒன்றை எஞ்சினிலிருந்து பொடிக்கு, முடிந்தால் இன்னொன்றை எஞ்சினிலிருந்து நேரே பற்றறி நெகற்றிவ்வுக்கு. மிட்ஜெற்றில் பற்றறி எஞ்சின் அறையின் பின் சுவரோடு இருப்பது உங்களுக்கு வசதி. எம்ஜிபிக்காரர் இருக்கைக்குப் பின்னால் வரை இழுக்க வேண்டும்.

பொடியில் இறுக்கும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள், கறள் ஏறாது.

பி போல்ற்றிலிருந்து வரும் வயரையும் பாருங்கள். பழைய டைனமோவின் வயராக இருந்தால் அது 22 அம்பியருக்குப் போட்டது. அதை நம்பி 50ஐ விட வேண்டாம். 10 சதுர மில்லிமீற்றரில் புதிதாக ஒன்றை நேரே ஸ்ராட்டர் சொலனொயிட்டின் பற்றறிப் போல்ற்றுக்கு இழுத்து, நடுவில் 60 அம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். வெளி ரெகுலேற்றர் பெட்டி இனித் தேவையில்லை. அதிலிருந்து வந்த எஃப் வயரைப் புதிய அல்ரனேற்றரில் எங்கும் கொழுவாமல் முனையை மூடிக் கட்டி விடுங்கள்.

பழைய டைனமோ

சரி, மின்சாரம் முடிந்தது. இனி இரும்பைப் பார்ப்போம்.

தம்பி, பின் காதில் இடைவெளியோடு அந்த நீளப் போல்ற்றை இறுக்கிவிடாதேயும். அலுமினியக் காது வளையாது, வெடிக்கும். இறுக்கியவுடன் ஒன்றும் தெரியாது. காது உடம்போடு சேரும் மூலையில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு விழும். பிறகு ஏ9 வீதியில் நல்ல வேகத்தில் போகும்போது காது தனியே, அல்ரனேற்றர் தனியே. வாசர்களை அடுக்கி நிரப்பவும் வேண்டாம். ஆட்டத்தில் அவை ஒன்றையொன்று தின்னும், பெல்ற் தளரும்.

இடைவெளியை வேனியரால் அளந்து, அதே அளவுக்கு லேத்தில் புஷ் ஒன்று கடைந்து எடும். கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கும் எவரும் நின்ற நிலையில் செய்து தருவார்கள். கையால் தள்ளிச் செருக வேண்டும், சுத்தியலால் அடிக்கும்படி இருந்தால் தடிப்புக் கூட.

அதற்கு முன் கப்பி வரிசை. புஷ்ஷைக் கடைந்துவிட்டுப் பிறகு அல்ரனேற்றரை நகர்த்தினால் கடைந்தது வீண். நீளமான இரும்பு அடிமட்டத்தை கிராங் கப்பியின் முகத்தில் வைத்துப் பாரும். கிராங், வோட்டர் பம்ப், அல்ரனேற்றர் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கப்பிகளின் விளிம்புத் தடிப்பு வித்தியாசப்படும், அதனால் முகத்தை மட்டும் நம்பாமல் பெல்ற் ஓடும் பள்ளத்தின் நடுவையும் கணக்கில் எடும். எவ்வளவு முன்னுக்கு நிற்கிறது?

கனகராயன்

5 மில்லிமீற்றர் ஐயா.

பழைய டைனமோ

பிராக்கற்றுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவில் தட்டு ஏதும் வைத்திருக்கிறதா பாரும். முந்திய அல்ரனேற்றரின் கப்பிக்காக யாரோ வைத்திருக்கக்கூடும்.

கனகராயன்

இருக்கிறது ஐயா! இரண்டு போல்ற்றிலும் தடித்த வாசர் ஒவ்வொன்று. வேனியரில் 5.1.

பழைய டைனமோ

எடுத்து எறியும். போல்ற் இப்போது 5 மில்லிமீற்றர் நீளம் கூடிவிடும். புளொக்கின் ஓட்டை அடியில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கும். முட்டினால் கட்டையான போல்ற் போடும்.

ரேஸ்கார் ரசிகன்

பிராக்கற்றை வெட்டி ஒட்டுவதென்றால் என்னிடம் வெல்டிங் செற் இருக்கிறது, வந்து செய்து தருவேன்.

வவுனியா வயரிங்

நல்ல மனம். ஆனால் வண்டியில் வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால் பற்றறியையும் அல்ரனேற்றர் வயர்களையும் கழட்டிவிட்டுத்தான்.

கனகராயன்

வேலை முடிந்தது. புஷ் 7.8 மில்லிமீற்றர் வந்தது. வாசர்களை எடுத்ததும் கப்பிகள் மூன்றும் அடிமட்டத்தில் ஒட்டி நிற்கின்றன. நீளமான பக்கத்தில் பெருவிரலால் அமத்தினால் பெல்ற் 12 மில்லிமீற்றர் போகிறது. எர்த் இரண்டும் வெல்டிங் கேபிளில் போட்டேன். விசில் இல்லை, சோக் பிடி குளிர்ந்தபடி. ஸ்ராட்டர் சாவியைத் திருப்பியதும் துள்ளிச் சுற்றுகிறது.

ஆனால் புதிதாக ஒன்று. ஸ்ராட் பண்ணியவுடன் சார்ஜ் ஏறவில்லை, 12.4இல் நிற்கிறது. அக்சிலேற்றரை ஒருதரம் நன்றாக மிதித்தால் சட்டென்று 14.2க்குப் போகிறது, பிறகு ஐடிலிலும் விழவில்லை. டாஷ்போட்டின் சிவப்பு சார்ஜ் லைற் சாவி போட்டதும் மெல்லிதாகத்தான் எரிகிறது.

ஓமந்தைக்காரன்

அந்த லைற் எல்ஈடியா?

கனகராயன்

ஓம். முந்தி வைத்திருந்தவர் டாஷ்போட் முழுக்க எல்ஈடி போட்டிருக்கிறார்.

ஓமந்தைக்காரன்

அதுதான். அல்ரனேற்றரின் ரோட்டருக்கு ஸ்ராட் ஆகும் நேரத்தில் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் காந்தம் பிறக்கும். அந்தக் கரண்ட் எல் முனைக்கு இந்த லைற்றுக்குள்ளால்தான் வருகிறது. அசல் பல்ப் 2.2 வாட், 180 மில்லி அம்பியர் விடும். எல்ஈடி அதில் பத்தில் ஒன்றுகூட விடாது. வேகமாகச் சுற்றும்போது ரோட்டரில் மிஞ்சியிருக்கும் பழைய காந்தத்தால் தானாக எழும்புகிறது.

பழைய 2.2 வாட் பல்பைத் திரும்பப் போடுங்கள். எல்ஈடிதான் வேண்டும் என்றால் அதற்குச் சமாந்தரமாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்ரர் ஒன்று. அது சூடாகும், வயர்க்கட்டில் முட்டாமல் கட்டுங்கள்.

பழைய டைனமோ

பல்பும் வேண்டாம் ரெசிஸ்ரரும் வேண்டாம் என்று எல் முனையை நேரே இக்னிஷனுக்குக் கொழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது, அல்ரனேற்றரே அந்த வயரால் இக்னிஷனுக்குக் கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு கிளச்சை விட்டு நிப்பாட்டுகிற வண்டி ஒன்று முறிகண்டிப் பக்கம் ஓடித் திரிந்தது.

கனகராயன்

பல்ப் போட்டேன். சாவி போட்டதும் பளிச்சென்று எரிகிறது, ஸ்ராட் ஆனதும் அணைகிறது. ஐடிலில் 14.1, லைற்றும் ஃபானும் போட்டால் 13.7. எர்த் பக்கம் இப்போது 0.05.

இன்னொரு கேள்வி. ஆர்பிஎம் மீற்றர் நான் வாங்கிய நாளிலிருந்து வேலை செய்யவில்லை. பின்னால் வயர் ஒன்றும் இல்லை, ஸ்பீடோ மீற்றருக்குப் போல கேபிள் பூட்டும் மரைதான் இருக்கிறது.

பழைய டைனமோ

அது டைனமோவோடு போய்விட்டது தம்பி. அந்தக் காலத்து ஸ்பிரைற், மிட்ஜெற்றுகளில் ஆர்பிஎம் மீற்றரின் கேபிள் டைனமோவின் பின்புறத்தில் பூட்டியிருக்கும், டைனமோ சுற்ற அதுவும் சுற்றும். அல்ரனேற்றரில் அப்படி இடம் இல்லை. முகத்தையும் முள்ளையும் வைத்துக்கொண்டு உள்ளே எலெக்ட்ரோனிக் இயந்திரம் மாற்றலாம், இங்கிலாந்தில் செய்து கொடுக்கிறார்கள். செலவு உண்டு.

ரேஸ்கார் ரசிகன்

டீசல் வாகனங்களில் அல்ரனேற்றரின் டபிள்யூ முனையிலிருந்து ஆர்பிஎம் எடுக்கிறார்களே, அதை இதில் செய்யலாமா?

வவுனியா வயரிங்

அந்த முனை வனெற் பெற்றோல் அல்ரனேற்றரில் வெளியே வராது. உள்ளே ஸ்ரேற்றரில் ஒரு வயர் ஒட்டி எடுக்கலாம், ஆனால் பெல்ற் வழுக்கினால் கணக்கும் வழுக்கும். பெற்றோல் எஞ்சினுக்குக் கொயிலின் நெகற்றிவ்விலிருந்து எடுப்பது சுலபம். கனகராயன், உங்கள் டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் உள்ளதா, எலெக்ட்ரோனிக்கா?

கனகராயன்

பொயின்ற்.

வவுனியா வயரிங்

அப்ப நாலு சிலிண்டருக்கு என்று எழுதிய எந்த எலெக்ட்ரோனிக் மீற்றரும் வேலை செய்யும். கிராங் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. வாங்கும்போது 12 வோல்ற், நெகற்றிவ் எர்த் என்று இருக்கிறதா பாருங்கள்.